திருசூலத்திலிருந்து திருமேற்றளி வரை

சென்னையில் வெளிநாட்டு விமானங்கள் வந்து சேரும் முனையத்துக்கு அண்ணாவின் பெயர். அண்ணா 1909இல் காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். கோலாலம்பூரிலிருந்தோ டர்பனிலிருந்தோ காஞ்சிக் கோயில்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்க்க வருகிறவர், அந்த ஊர்ப் பிள்ளையின் பெயர் தாங்கிய வாசல் வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குள் வருகிறார். அவர் நடக்கத் தொடங்க வேண்டிய, காஞ்சியின் நெசவுப் பகுதியான பிள்ளையார்பாளையம் அங்கிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர். காஞ்சியின் கோயில்களைப் பற்றி எழுதப்பட்டவை ஓர் அலமாரியில் அடங்காது. இந்த 65 கிலோமீட்டருக்கோ அவற்றில் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கிறது: வாடகைக் கார் உண்டு.

அந்த ஒரு வரிக்குள் என்னென்ன புதைந்துபோயின என்பதே எனக்குக் கவலை.

விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர் குன்றத்தூர். சேக்கிழார் பிறந்த ஊர். பல்லாவரம் வழியாகத் திருப்பெரும்புதூர் போகிற கார், அவர் ஊரை உரசிக்கொண்டுதான் போகிறது. அவர் எழுதிய பெரியபுராணத்தில், இன்றைய சென்னையின் வடகோடியில் இருக்கிற திருவொற்றியூரிலிருந்து காஞ்சிக்கு ஒருவர் நடந்து வருகிறார். சுந்தரர். உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தவர், திருவாரூர் வசந்த விழாவை நினைத்து மனம் தாளாமல் கிளம்பிவிடுகிறார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. அப்படியே நடக்கிறார். முல்லைவாயில், வெண்பாக்கம், திருவாலங்காடு. வெண்பாக்கத்தில் இறைவன் அவருக்குக் கொடுத்தது பார்வையை அன்று, ஊன்றுகோலை. அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டு காஞ்சிக்கு வந்து ஏகம்பத்தின் முன்னால் நின்றபோதுதான் இடக்கண் திறந்தது. வலக்கண்ணுக்கு அவர் திருவாரூர் வரை போக வேண்டியிருந்தது.

வெளிநாட்டில் குடியேறிவிட்ட சொந்தக்காரர்கள் ஊருக்கு வரும்போது நான் மீனம்பாக்கம் விமான நிலையம் போய் அழைத்துவருவதுண்டு. இரவெல்லாம் பறந்து வந்த களைப்பு. காரில் ஏறிய சில நிமிடங்களில் தலை சாய்ந்துவிடும். குன்றத்தூர், திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் எதுவும் தெரியாது. பொன்னேரிக்கரையில் வண்டி திரும்பி ஊருக்குள் நுழைந்து, கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோபுரம் கண்ணில் படும்போது நான் தட்டி எழுப்புவேன். சுந்தரரும் கண் மூடித்தான் வந்தார்; அவருக்கும் ஏகம்பத்தில்தான் கண் திறந்தது. ஆனால் அவருடைய கால் வழி முழுவதையும் அறிந்திருந்தது. எந்த இடத்தில் மணல், எந்த இடத்தில் முள், எங்கே ஏரிக்கரை ஏறி இறங்குகிறது என்று கோலும் பாதமும் சேர்ந்து அவருக்குச் சொல்லியிருக்கும். கண் திறந்த கணத்துக்கு அத்தனை நிறை வந்தது அந்த வழியால்தான். வழியே இல்லாமல் வந்து சேர்ந்தவருக்குக் கோபுரம் உயரமான ஒரு கட்டடமாக மட்டும் நின்றுவிடுகிற அபாயம் இருக்கிறது. அதை என் சொந்தக்காரர்கள் முகத்தில் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் அவர்கள் கை முதலில் போவது போனுக்கு.

கார் போகும் அந்த நெடுஞ்சாலைக்கும் ஒரு பழைய நடை உண்டு. பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் தம் நந்தவனத்துப் பூக்களைத் தொடுத்து எடுத்துக்கொண்டு காஞ்சி வரதருக்குச் சாத்த நாள்தோறும் நடந்து வந்தார் என்பது வைணவ மரபு. 50 கிலோமீட்டர் அளவு வழி. நாள்தோறும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்து மறுக்கிறவர்கள் மறுக்கட்டும். பூ வாடுவதற்குள் சேர்க்க வேண்டும் என்ற தவிப்போடு ஒரு மனிதர் இந்தத் திசையில் நடந்தார் என்ற நினைவை அந்த மரபு ஆயிரம் ஆண்டாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. எனக்கு அது போதும். பிராமணரல்லாத அவரைத்தான், திருப்பெரும்புதூரில் பிறந்து காஞ்சிக்குப் படிக்க வந்த இராமானுசர் ஆசானாகக் கருதினார். அந்த இராமானுசரும் ஊருக்கு வெளியே இருந்த சாலைக்கிணற்றிலிருந்து வரதருக்குத் தண்ணீர் சுமந்து நடந்தவர். பூவுக்கு ஒருவர், நீருக்கு ஒருவர். இன்று அதே சாலையில் விடியற்காலையில் எங்கள் பகுதிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கம்பெனிப் பேருந்துகள் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளை நோக்கி எதிர்த்திசையில் போகின்றன. தறியில் உட்கார்ந்திருக்க வேண்டிய கைகள் அவை. யாத்திரிகரின் காரும் அந்தப் பேருந்துகளும் ஒன்றையொன்று கடந்துபோகின்றன. விழித்திருந்தால், காஞ்சிப் பட்டுக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்பது கடைக்குள் போவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

காஞ்சிக்கு வந்த எல்லா யாத்திரிகருக்கும் இதுவே முடிவிடமாக இருந்ததில்லை. சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங் 640ஆம் ஆண்டை ஒட்டி இங்கே வந்தபோது, இலங்கைக்குக் கடல் கடக்கும் எண்ணத்தோடு வந்தார். அங்கே அரசர் இறந்து நாடு குழம்பியிருக்கிறது, பஞ்சம் வேறு என்று அங்கிருந்து வந்திறங்கிய பிக்குகள் சொல்லக் கேட்டு, கடக்காமலே திரும்பினார் என்று அவர் வரலாறு சொல்கிறது. புறப்படும் துறைக்கு வந்து காத்திருந்து திரும்பிப்போவதும் யாத்திரையின் பகுதியாக இருந்த காலம் அது.

காரை விட்டால் வேறு வழி இல்லையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ரயிலை. விமான நிலையத்துக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் திருசூலம் நிலையம். கல் உடைத்துக் குடைந்த குன்றுகளுக்கு அடியில் சோழர் காலத்துத் திருசூலநாதர் கோயில் அந்த ஊரில் இருக்கிறது. முதல் கும்பிடை அங்கேயே போட்டுவிடலாம். கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரத்துக்கும் திருமால்பூருக்கும் போகிற மின்ரயில்கள் இந்தத் தடத்தில்தான் வருகின்றன. ஒரு நாளைக்குச் சில நடைகள்தான். நேரம் பார்த்து வர வேண்டும். காத்திருக்க நேர்ந்தால் காத்திருக்கலாம். வானத்தில் வந்த உடம்புக்குத் தரை பழக அந்த மரப்பெஞ்சு நேரம் வேண்டியதுதான்.

செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால் கொளவாய் ஏரி வரும். அதற்குப் பிறகு ரயில் மேற்கே திரும்பிப் பாலாற்றின் போக்கை ஒட்டிப் போகிறது. வில்லியம்பாக்கம், பாலூர், பழைய சீவரம், வாலாஜாபாத், நத்தப்பேட்டை. இந்தப் பட்டியலில் பழைய சீவரத்தில் மட்டும் கொஞ்சம் தங்க வேண்டும். பொங்கலை ஒட்டிக் காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எழுந்தருளும் ஊர் அது. இருபது கிலோமீட்டருக்குமேல் தோளிலேயே வருகிறார். வழியில் ஒவ்வோர் ஊரும் அவரை நிறுத்திப் படைக்கிறது, தேங்காய் உடைக்கிறது, குழந்தைகளைத் தூக்கிக் காட்டுகிறது. பிறகு ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்குப் போகிறார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அந்த இடத்துக் கோயிலில்தான் வீரராசேந்திர சோழன் காலத்தில் மருத்துவமனை நடந்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியில் நம்மை நின்று காண்கிற தெய்வமும் ஆண்டுக்கொரு முறை வெளியே நடந்து வந்து, ஊர் ஊராக நின்று, வழியைத் தானும் அறிந்துகொள்கிறது. அந்த ஊர்கள் வழியாக ரயிலில் வருகிற யாத்திரிகர், வரதர் புறப்பட்டு வரும் திசைக்கு எதிர்நடையாகக் காஞ்சிக்குள் நுழைகிறார். நம் கோயில் வழக்கத்தில் வழி என்பது வெறும் இடைவெளியாக எப்போதும் இருந்ததில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

காஞ்சிபுரம் நிலையத்தில் இறங்கிப் பிள்ளையார்பாளையம் வரும்வரை ஆட்டோ வேண்டாம் என்பேன். பெட்டிகளை முதலில் அனுப்பிவிடலாம். ராஜ வீதிகளின் ஜவுளிக்கடை விளக்குகளைத் தாண்டி மேற்கே வந்தால் தெரு ஒடுங்கும். தறிச் சத்தம் கேட்கத் தொடங்கும் இடம் எதுவோ அதுவே பிள்ளையார்பாளையத்தின் எல்லை. முன்பு எல்லா வீட்டிலிருந்தும் வந்த சத்தம். இப்போது நாலைந்து வீடு தள்ளித் தள்ளி வருகிறது. காலையில் சீக்கிரம் வந்தால் தெருவில் பாவு நீட்டி இழை சரிபார்க்கிறவர்களைப் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. வண்டியில் வந்தால் ஹாரன் அடித்து அந்தப் பாவைச் சுருட்டச் சொல்வோம். நடந்து வருகிறவர் ஓரமாக ஒதுங்கிக் குனிந்து தாண்டிப் போவார். இந்த ஊரில் நுழையும் முறை அது.

குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவரின் கால்கள் குழிக்குள் இருக்கின்றன. வெளியே தெரிவது கையும் நாடாவும்தான். உள்ளே மிதியை மாற்றி மாற்றி மிதிக்கும் பாதங்கள் காலை முதல் மாலை வரை ஓய்வதில்லை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று கோர்வை போட்டு நெய்கிற சேலையானால், பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து மறுபக்க நாடாவை வாங்கித் தர வேண்டும். அந்தச் சேலைதான் 2005இல் புவிசார் குறியீடு பெற்று உலகமெல்லாம் காஞ்சிப் பட்டு என்று பேர் வாங்கியது. அதைக் கட்டிக்கொண்டு நடக்க வருகிறவர்கள், அது எந்தக் கால்களால் உண்டானது என்று குழிக்குள் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எங்கள் தெருவில் தறி விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிற அத்தை ஒருவர், வெளிநாட்டிலிருந்து வந்த மருமகளிடம் சொன்னது நினைவுக்கு வருகிறது. அந்தப் பெண் நடப்பதற்கென்றே வாங்கிய விலை உயர்ந்த காலணியைக் கட்டிக்கொண்டு திண்ணையில் தயாராக நின்றாள்.

“அத வுட்டுட்டுப் போம்மா. காலு மண்ணுல பட்டாத்தான் நீ வந்துட்டன்னு சாமிக்குத் தெரியும்.”

“கல்லு குத்தாதா அத்தை?”

“குத்தும். குத்தட்டும். அவரு ஒக்காந்து கேட்டு உருகினாரே, இந்த மண்ணுலதானே உருகினாரு.”

அத்தை சொன்னது திருமேற்றளிக் கதை. காஞ்சியில் தேவாரப் பாடல் பெற்ற சிவத்தலங்கள் ஐந்து: ஏகம்பம், மேற்றளி, ஓணகாந்தன்தளி, அனேகதங்காவதம், நெறிக்காரைக்காடு. ஐந்தையும் ஒரே நாளில் நடந்து பார்த்துவிட முடியும். மேற்றளி பிள்ளையார்பாளையத்துக்குள்ளேயே, நெசவுத் தெருக்களுக்கு நடுவில் இருக்கிறது. ஆகவே நடையை அங்கிருந்து தொடங்குவதே முறை என்று நான் நினைக்கிறேன். சிவ உருவம் வேண்டித் திருமால் அங்கே தவமிருந்தார். ஞானசம்பந்தர் வந்து பாடும்போது உனக்கு அது கிடைக்கும் என்று அவருக்கு வாக்கு. காத்திருந்தார். பிள்ளை வந்து பாடினார். பாட்டைக் கேட்கக் கேட்கத் திருமேனி தலையிலிருந்து உருகி இலிங்கமாகிக்கொண்டே வந்தது. பாதம் வரை வந்தபோது பதிகம் முடிந்துவிட்டது. உருகாமல் பாதங்கள் மட்டும் எஞ்சின. ஓதவுருகீசர் கருவறையில் இலிங்கத்தோடு அந்தப் பாதங்களையும் இன்று காட்டுகிறார்கள். தெருக்கோடியில் பாடியவருக்கும் கோயில் இருக்கிறது. ஊர்ப் பெயரில் இருக்கிற பிள்ளையாரும் ஆளுடைய பிள்ளையார் எனப்படும் அந்தச் சம்பந்தரே என்பார்கள் எங்கள் பெரியவர்கள்.

உருவம் போய், நிறம் போய், பெயர்கூட மாறிப்போன பிறகு பாதம் மட்டும் மிஞ்சிய ஒரு சந்நிதியிலிருந்து நடையைத் தொடங்குவதைப் போல் பொருத்தம் வேறில்லை. சம்பந்தர் அங்கே பாடியதாகச் சொல்லும் அந்தப் பதிகம் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. மேற்றளிக்கு இருப்பவை அப்பரும் சுந்தரரும் பாடியவை. உருக்கிய பாட்டு மறைந்துவிட்டது, உருகாத பாதம் இருக்கிறது. நான் அந்தச் சந்நிதியில் நிற்கும்போதெல்லாம் அப்பரையும் நினைத்துக்கொள்வேன். கயிலையை நோக்கி நடந்து, பாதம் தேய்ந்ததும் கையால் ஊர்ந்து, கை தேய்ந்ததும் மார்பால் நகர்ந்து, அதுவும் முடியாமல் உருண்டவர் அவர். அவருக்குக் கயிலைக் காட்சி கிடைத்தது வடக்கே அன்று, திருவையாற்றில்.

மேற்றளியிலிருந்து மேற்கே நடந்தால் அனேகதங்காவதமும், அதற்கருகில் கயிலாசநாதர் கோயிலும் வந்துவிடும். கயிலாசநாதர் பாடல் பெற்ற தலம் இல்லையென்றாலும் அதை ஒதுக்கிவிட்டு யாரும் நடப்பதில்லை. 700ஆம் ஆண்டை ஒட்டி இராசசிம்ம பல்லவன் மணற்கல்லில் எழுப்பிய கயிலை அது. கருவறையைச் சுற்றிவர வேண்டுமென்றால் சின்னத் துவாரம் ஒன்றில் படுத்து ஊர்ந்து நுழைய வேண்டும். வெளியே வரும்போதும் அப்படியே. அப்பர் பட்ட பாட்டில் ஒரு துளியை அங்கே உடம்பு அறிந்துகொள்ளும். பல்லவ அரசன் இப்படிக் கல்லில் கோயில் எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தபோது, திருநின்றவூரில் பூசலார் என்ற ஏழை மனத்திலேயே கோயில் கட்டி அதே நாளைக் குறித்திருந்தார். நாளை மாற்றிக்கொள் என்று இறைவன் அரசன் கனவில் சொன்னார். அரசன் காஞ்சியிலிருந்து பூசலாரைத் தேடிப் போனான். இந்த வழியில் தாழ்ந்து நடந்தவன் அரசன். வந்து சேர்ந்த இடத்தில் கோயிலைக் காணவில்லை, மனிதரைக் கண்டான்.

பஞ்சுப்பேட்டை ஓணகாந்தன்தளி, ஏகம்பம், கிழக்கே நெறிக்காரைக்காடு என்று நடை மாலைக்குள் முடிந்துவிடும். அதைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் மறுபடி வழிக்கே வருகிறேன். அந்த வழிக்கு இப்போது ஓர் ஆபத்து வந்திருக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கிற பரந்தூரில் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 13 ஊர்களின் நிலம், 5,000 ஏக்கருக்கு மேல். அதில் கால் பங்குக்கும் அதிகமாக ஏரியும் குளமும் வாய்க்காலும். பல்லவர் காலத்ததென்று மக்கள் சொல்லும் கம்பன் கால்வாய் அந்த நிலத்தின் ஊடேதான் போகிறது. ஏகனாபுரம் முழுவதுமே எழுந்து போக வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் பகலில் வயல் வேலை முடித்துவிட்டு மாலையில் ஒன்றுகூடி உட்கார்ந்து எதிர்க்கத் தொடங்கி ஆயிரம் நாள் தாண்டிவிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள்.

இனிக் காஞ்சிக்குப் போவது சுலபமாகிவிடும், இறங்கினால் அரை மணியில் கோயில் என்று எங்கள் ஊரிலேயே சிலர் மகிழ்கிறார்கள். அவர்கள் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. கடைகளுக்கு ஆள் வருவார்கள், சேலை விற்கும், வயதானவர்களுக்கு அலைச்சல் குறையும். ஆனாலும் என்னால் அந்த மகிழ்ச்சியில் சேர முடியவில்லை. சுந்தரருக்கு ஊன்றுகோல் கிடைத்த வெண்பாக்கம் இன்று தரையில் இல்லை. சென்னைக்குக் குடிநீர் தர 1944இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் அந்த ஊர் போய்விட்டது. கோயிலை மட்டும் பூண்டியில் எடுத்துக் கட்டினார்கள். நகரத்துக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது, கொடுத்தோம். இந்த முறை கேட்பது தண்ணீரை இல்லை. தண்ணீர் நிற்கிற ஏரிகளையே, அதுவும் மூடுவதற்கு. கண் தெரியாதவருக்குக் கோல் தந்த ஊர் நீருக்கடியில் கிடக்கிறது. ஏகனாபுரம் ஓடுபாதைக்கடியில் கிடந்தால், அதன்மேல் வந்திறங்கும் யாத்திரிகர் காஞ்சியில் எந்தச் சந்நிதியில் நின்று என்ன வேண்டிக்கொள்வார்?

காஞ்சிக்கு வேண்டியது பக்கத்தில் ஒரு விமான நிலையம் இல்லை. செங்கல்பட்டிலிருந்து அரக்கோணம் வரை போகிற ரயில்பாதை இன்றும் ஒற்றைத் தடம்தான். எதிர் வண்டிக்காக ஒரு வண்டி நிற்க வேண்டியிருக்கிறது. அதனாலேயே கூடுதல் வண்டி விட முடிவதில்லை. இரட்டைத் தடப் பேச்சு நெடுநாளாக நடக்கிறது. அதை முடித்துக் கொடுத்து, திருசூலத்தில் நின்று போகிற காஞ்சிபுரம் ரயில்களை இரண்டு மடங்காக்கினால், யாத்திரிகருக்கும் வழி கிடைக்கும், வாலாஜாபாத்திலிருந்து வேலைக்குப் போகிறவருக்கும் வண்டி கிடைக்கும், ஓர் ஏரியையும் மூட வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு அடுத்த முறை காஞ்சி நடைக்கு நாள் பார்க்கிறவர்கள் ரயில்வேக்கு இதை எழுதுங்கள். வந்த பிறகு, மேற்றளிக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மாலையை ஏகனாபுரத்துக்கும் கொடுங்கள். அங்கே கூடி உட்கார்ந்திருப்பவர்களில் நீங்கள் சாப்பிட்ட அரிசியை விளைவித்தவர்கள் இருக்கக்கூடும்.